மூழ்கிய கப்பலில் ஒரு மூக்குக்கண்ணாடி

கப்பலொன்று கடலடியில் போய் அமர்ந்ததும், அது யாருடையது என்று அங்கிருந்த உயிர்களுக்குள் வழக்கு மூண்டதாம். “முதலில் உள்ளே நுழைந்தவன் நான்” என்றது விலாங்கு. “நுழைந்தவன் நாளைக்கே வெளியேறவும் கூடும்; நான் ஒட்டிக்கொண்டவன், உயிர் போனாலும் அகலமாட்டேன்” என்றது சிப்பி. சங்குக்குள் குடியிருக்கும் நண்டோ, “பிறர் விட்டுப்போன கூட்டில்தான் என் வாழ்நாள் முழுவதும் கழிகிறது. ஆயினும் ஒரு கூட்டுக்குள் காலை வைக்குமுன், உள்ளே யாரேனும் இருக்கிறார்களா என்று தட்டிப் பார்ப்பேன். நீங்கள் தட்டினீர்களா?” என்று கேட்டதாம். வழக்கு அத்துடன் கலைந்தது. தட்டிப் பார்க்க மட்டும் எவரும் போகவில்லை.

இனி நான் சொல்லப்போகும் பெண், தன்னை அந்த நண்டின் கட்சி என்றே எண்ணியிருந்தாள்.

அவளுக்கு மீன்கொத்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். படகின் விளிம்பிலிருந்து அவள் நீரில் இறங்கினால் மேலே ஒரு வளையம் மட்டும் விரியும், சத்தமே இருக்காது. அவளுடைய கணவன் சிலிண்டர்களில் காற்றை அடைப்பவன். ஆகையால் அவன் பெயர் காத்து. துறைமுகத்தை ஒட்டிய நீண்ட அறை ஒன்றில் இருவரும் சேர்ந்து முக்குளிப்புக் கடை நடத்தினார்கள். அறையின் ஒரு பக்கம் கறுப்பு ரப்பர் உடைகள் தலையில்லாத மனிதர்களைப் போல வரிசையாகத் தொங்கும். மறு பக்கம், உப்பு போகக் கருவிகளை அலசுவதற்கு நல்ல தண்ணீர் நிரப்பிய தொட்டி. பின்கட்டில் கம்ப்ரெஸர் இடைவிடாமல் இருமிக்கொண்டிருக்கும். உள்ளே வருபவர் கண்ணில் முதலில் படும்படி சுவரில் ஒரு வாசகம் எழுதியிருந்தது: ‘கப்பலில் உள்ளது கப்பலிலேயே இருக்கட்டும்.’

அந்தக் கப்பல் ஒரு சிறிய சரக்குக் கப்பல். நெடுங்காலத்துக்கு முன், ஒரு புயல் மாலையில் கரையைக் கண்ணால் பார்த்தபடியே மூழ்கியது. தப்பியவர்கள் சிலர்; தப்பாதவர்கள் சிலர். இப்போது அது ஒன்பது மாடி ஆழத்தில், சற்றே இடப்புறம் சாய்ந்து, யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல் மணலில் நின்றுகொண்டிருக்கிறது. கடைக்கு வருகிற அத்தனை பேரும் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

அன்று மதியம் வந்திருந்தவர் ஒரு பல் வைத்தியர். முக்குளித்துவிட்டு வந்து தொட்டியருகே நின்று கருவிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மீன்கொத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர், அந்த இடது பையில என்ன?”

“எந்தப் பையில?”

“சிப்பின்னு சொல்லிடாதீங்க. சிப்பிக்குக் காம்பு கிடையாது.”

பல் வைத்தியர் சிரிக்க முயன்றார். பையிலிருந்து ஒரு ஸ்பூன் வெளியே வந்தது. “சின்னதா ஒரு ஞாபகத்துக்கு. அங்க சும்மாதானே கெடக்கு.”

“உங்ககிட்ட வர்றவங்க வாயில சொத்தைப் பல்லும் சும்மாதான் இருக்கு. கேட்காமலா பிடுங்குறீங்க?”

“கேட்காம பிடுங்கினா ஃபீஸ் கிடையாது டாக்டர்” என்று பின்கட்டிலிருந்து காத்தின் குரல் வந்தது.

அவர் ஸ்பூனைக் கொடுத்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. “மேசையிலேருந்துதாம்மா எடுத்தேன். அவ்வளவு அழகா இருந்துச்சா, கை சும்மா இருக்கல” என்றார்.

“நாளைக்கு அங்கேயே வெச்சிடறேன்” என்றாள் மீன்கொத்தி. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. வேறு கடைக்காரர்கள் கப்பலின் கடிகாரத்தையும் விளக்குகளையும் பெயர்த்து எடுத்து வரவேற்பறையில் மாட்டிவைத்திருக்க, தன் கடையில் அந்தக் கப்பலின் ஒரு திருகாணிகூட இல்லை என்பதில் அவளுக்கு நியாயமான கர்வம் உண்டு.

மேசை என்றால் முக்குளிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். கப்பலின் சமையலறையில், தரையோடு திருகாணியால் முடுக்கப்பட்ட இரும்பு மேசை அது. அலையில் பாத்திரங்கள் நழுவாதிருக்க நாற்புறமும் விளிம்பு கட்டியது. அதன்மேல் ஒரு பீங்கான் தட்டு, பக்கத்தில் ஒரு ஸ்பூன், ஒரு குவளை, குவளையை ஒட்டி மடித்து வைத்த ஒரு மூக்குக்கண்ணாடி. யாரோ உண்டு முடித்து, கை கழுவ எழுந்து போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார். பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். பத்திரிகைகளில் அந்தப் படம் வந்தது. கைப்பேசிகளில் ஊர் ஊராகப் போனது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முக்குளிக்கக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு.

பல் வைத்தியர் போன சற்று நேரத்தில், ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார். நடுவயதைக் கடந்தவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து பயணம் புறப்பட்டுவிட்டார் போலும். கையில், அச்சிட்டுக் கண்ணாடித் தாளில் போட்ட ஒரு படம். மேசையின் படம்.

“இத எடுத்தது நீங்கதானா?” என்று கேட்டார்.

“எங்க கடையில எடுத்ததுதான் அக்கா. உள்ள வாங்க, உட்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். தான் ஒரு தையல்காரி என்றும், வாடிக்கைப் பெண்ணொருத்தி ரவிக்கையின் கை எப்படி வெட்ட வேண்டும் என்று காட்டுவதற்காகக் கைப்பேசியை நீட்டியபோது விரல் தவறி இந்தப் படம் வந்தது என்றும் சொன்னார். “அந்தப் பொண்ணு, ‘இது இல்லக்கா, அடுத்தது’ன்னு சொல்லுது. நான் போனைக் குடுக்கவே இல்ல. பெருசு பண்ணிப் பாத்தேன். பாருங்க, இந்தக் கண்ணாடியோட கீல்ல என்ன சுத்தியிருக்கு?”

“செம்புக் கம்பி.”

“எங்க அண்ணன் சுத்தினது. கெட்டுப்போன ஃபேன்லேருந்து உருவி, என் முன்னாடி உட்கார்ந்து சுத்தினான். ‘கடலுக்குப் போறவனுக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக்கத் தெரியாதா’ன்னு கேட்டேன். ‘மூக்குக்குப் பழகினது’ன்னான். அந்தக் கப்பல்ல அவன்தான் சமையல்காரன்.”

கம்ப்ரெஸர் நின்றது. காத்து பின்கட்டிலிருந்து வந்து, கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு நிலைப்படியருகே நின்றான்.

தையல்காரி அழவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவரின் தெளிவு அவர் முகத்தில் இருந்தது. “கப்பல் முங்கின அடுத்த மாசம் ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்தாரு. எஞ்சினுக்கு எண்ணெய் விடற வேலையாம். தப்பிச்சவங்கள்ல ஒருத்தர். ‘உங்க அண்ணன்தான் என்னைப் படிக்கட்டுல மேல தள்ளிவிட்டாரு, கீழ இன்னொருத்தன் மாட்டியிருக்கான்னு திரும்பிப் போனாரு’ன்னு ஆரம்பிச்சாரு. எங்கப்பா அவரை முழுசாப் பேசவே விடல. ‘தப்பிச்சு வந்தவனுக்குத்தாண்டா கதை தேவை, வெளிய போ’ன்னுட்டாரு. நானும் கத்தினேன். எங்களை நடுத்தெருவுல விட்டுட்டு, எவனோ ஒருத்தனுக்காக எங்கண்ணன் திரும்பிப் போயிருப்பானா? மேல ஏறின கால் கீழ இறங்குமா? இத்தன வருஷமும் அந்த ஒரு கேள்விதான் என்னை அரிச்சிட்டிருந்துச்சு.”

படத்தைத் தட்டினார். “இப்ப பதில் கிடைச்சிடுச்சு. அவன் தூங்கும்போது மட்டும்தான் கண்ணாடியைக் கழட்டுவான். வேலை முடிஞ்சா சமையல்கட்டு பெஞ்சுலயே சாஞ்சிடுவேன்னு வீட்டுக்கு வரும்போது சொல்லியிருக்கான். கழட்டி, மடிச்சு, கைக்கெட்டற தூரத்துல வைப்பான். அது இல்லாம எதிர்ல நிக்கிற ஆளே தெரியாது அவனுக்கு. சாப்பிட்டிருக்கான், மடிச்சு வெச்சிருக்கான், தூங்கியிருக்கான். பயப்படல. ஓடல. யாரையும் விட்டுட்டும் போகல.”

“சரி அக்கா” என்றாள் மீன்கொத்தி, எதற்கென்று தெரியாமலே.

“அந்த எண்ணெய்க்கார ஆளு இன்னும் இருக்காரு. வருஷத்துக்கு ஒரு தடவ, கப்பல் முங்கின தேதியில, போன் பண்ணுவாரு. நான் எடுக்கறதில்ல. இந்தத் தடவ நானே நேர்ல போகப்போறேன். இதை முன்னால வெச்சு, ‘இனிமே எங்கண்ணன் பேரைச் சொல்லிக் கதை விடாதய்யா’ன்னு கேட்டுடணும். படம் சின்னதா இருக்கு. தெளிவா ஒரு வீடியோ எடுத்துக் குடுப்பீங்களா?”

மீன்கொத்தி தலையசைத்தாள். மறுநாள் காலை எடுப்பதாக ஒப்புக்கொண்டாள். தையல்காரி பக்கத்துத் தெரு விடுதியில் அறை எடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது சுவர் வாசகத்தை நின்று படித்து, “நல்லாருக்கணும் நீங்க” என்றார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை காத்து வாசலில் நின்று பார்த்தான்.

“மேசையை நீதானே அடுக்கினே” என்றான் காத்து.

“நான்தான்.”

கடை தொடங்கிய புதிதில் அவள் அதைச் செய்தாள். வாடிக்கையாளருக்காகக்கூட அல்ல. அந்தச் சமையலறையை முதலில் கண்டபோது, புதிதாகக் குடிவந்த வீட்டைப் போல அதன்மேல் அவளுக்கு ஓர் ஆசை ஏற்பட்டது. சேற்றில் பாதி புதைந்திருந்த தட்டு ஓர் அறையில் கிடைத்தது. குவளை வேறோர் அறையில். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கப்பலைவிட்டு எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதுதானே விதி. கப்பலுக்குள்ளேயே ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதில் ஏதேனும் குற்றம் இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் என்றில்லை, அந்தத் துறையில் இருக்கும் நல்லவர்கள் எவருக்குமே தோன்றியதில்லை. கள்வனைக் கண்காணிக்கும் கண்களுக்குத் தன் கை தெரிவதில்லை.

“கண்ணாடி எங்க கிடைச்சுது?”

“படிக்கட்டு அடியில. சமையல்கட்டுக்கு வெளிய.”

காத்து ஒரு சிலிண்டரை எடுத்து, காரணமின்றி இடம் மாற்றி வைத்தான். “இத பாரு. அந்தம்மா எப்படி உட்கார்ந்திருந்தாங்க, பாத்தியா? இத்தன வருஷத்துக்கு அப்புறம் ஒரு மனுஷி நிம்மதியா இருக்காங்க. அதுல கைய வைக்காத. வீடியோ எடு, குடு. அந்தக் கண்ணாடி மேசையில இருக்கறது உண்மைதானே? பொய் ஒண்ணும் சொல்லலியே நாம.”

“அவங்க அதைத் தூக்கிட்டு அந்த மனுஷன் வீட்டுக்குப் போறாங்க. அவர் சொன்னது பொய்னு அவர் மூஞ்சிக்கு நேரா காட்டப்போறாங்க. அவர் உண்மையைச் சொல்லியிருந்தா?”

“சொல்லியிருந்தாருன்னு உனக்குத் தெரியுமா? நீரோட்டத்துல கண்ணாடி எங்கேருந்து எங்க வேணாலும் உருண்டு போயிருக்கலாம். படிக்கட்டடியில கிடந்தா, அண்ணன்காரன் திரும்பிப் போனான்னு அர்த்தமா?”

“தெரியாது. அதத்தான் சொல்லணும். தெரியாதுங்கறத.”

“‘தெரியாது’ன்னு ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க? முன்னயும் அதுதானே அவங்ககிட்ட இருந்துச்சு?”

நியாயமான கேள்விதான். அன்பினால் கேட்கப்பட்டதும்கூட.

மறுநாள் காலை கடல் எண்ணெய் தடவினாற்போல் அசையாமல் கிடந்தது. படகோட்டி கப்பலின்மேல் மிதக்கும் மிதவையில் படகைக் கட்டினார். முக்குளிப்பில் தனியே இறங்குவது தவறு. எனவே காத்தும் அவளுடன் இறங்கினான். இறங்குகயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் கீழே போனார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று கரையில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. முதலில் வெளிச்சம் பச்சையாகும், பிறகு நீலமாகும், சிவப்பு என்ற நிறமே உலகிலிருந்து விடைபெற்றுக்கொள்ளும். சொந்த மூச்சைத் தவிர வேறு ஓசை இராது. உடல் என்னும் சுமையை மேலே படகில் வைத்துவிட்டு வந்ததுபோல் இருக்கும். கீழே முதலில் ஒரு நிழல். நிழல் ஒரு சுவராகும். சுவரில் சாளரங்கள் தோன்றும். அப்புறம்தான், இது மனிதர் கட்டியது, இதில் மனிதர் நடந்தார்கள் என்பது நெஞ்சில் உறைக்கும். கைப்பிடிக் கம்பிகளில் பூப்போன்ற பவளங்கள். பாய்மரம்போல் நின்ற சரக்குத்தூக்கியைச் சுற்றி வெள்ளிக் காசுகளாய்ச் சிறு மீன்கள். மாடி ஏறப் படி வேண்டாம். ஒரு மூச்சை ஆழ இழுத்தால் உடல் தானாக எழும்பும். பிறர் வீட்டில் காற்றாக நுழைந்து, கதவு தட்டாமல், தரை மிதியாமல் உலவும் அந்தச் சுகத்துக்கு ஈடாக மீன்கொத்தி வேறெதையும் அறிந்ததில்லை. அது சுகம்தான் என்பதை அவள் என்றும் மறுத்ததுமில்லை. யாரோ ஒருவருடைய கடைசி மாலைக்குள் நாம் உல்லாசமாகப் போய் வருகிறோமே என்ற எண்ணம் எப்போதாவது எழும்போது, ‘எதையும் எடுக்கவில்லையே’ என்ற ஒரு விடையால் அதைப் படுக்கவைத்துவிடுவாள்.

சமையலறை வாசலில் அவள் நின்றாள். மேசை அங்கே இருந்தது; அதன்மேல் தட்டு, குவளை, மூக்குக்கண்ணாடி. விளக்கொளி பட்டதும் வில்லைகளில் ஒன்று மின்னியது. மற்றொன்று விரிசல் விட்டிருந்தது. காத்து கேமராவைச் சுட்டிக் காட்டினான். அவள் அசையவில்லை. மீண்டும் சுட்டினான். தண்ணீருக்கடியில் இவர்களுடைய சண்டைகளெல்லாம் நாகரிகமானவை. கைச்சைகையில் வசைச்சொல் கிடையாது.

பல் வைத்தியரின் ஸ்பூன் அவளிடம் இருந்தது. அதை எடுத்து, தட்டின் பக்கத்தில், இருந்த இடத்திலேயே வைக்கப் போனாள். வைக்குமுன் கை நின்றது. இருந்த இடம் எது? ஸ்பூனையும் அவள்தான் எங்கிருந்தோ எடுத்து வந்தாள். எங்கிருந்து என்பது இப்போது சுத்தமாக நினைவில்லை. ஒருவர் கையிலிருந்து நழுவியது எங்கே விழுந்தது என்பது, அவர் விட்டுப்போன கடைசிச் சொல். வைத்தியர் ஸ்பூனைத்தான் எடுத்தார். அவளோ அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் தனக்குப் பிடித்த ஒரு வாக்கியத்தை மேசைமேல் எழுதியிருந்தாள்.

அவள் திரும்பிப் படிக்கட்டை நோக்கி நீந்தினாள். செங்குத்தான இரும்புப் படிகள். மேல்தளத்துக்குப் போக அதுதான் ஒரே வழி. அதன் அடியில் சேறு மெத்தைபோல் படிந்திருந்தது. கண்ணாடியைக் கண்ட அந்த நாளை மனத்தில் கொண்டுவந்து நிறுத்த முயன்றாள். முதல் படியை ஒட்டியா? சுவர் ஓரமாகவா? வில்லைகள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன? கண்டெடுத்த மகிழ்ச்சி நினைவிருந்தது. இடம் நினைவில்லை. காலில் மாட்டிய துடுப்பின் அசைவில் சேறு கிளம்பிப் புகையாகச் சூழ்ந்தது. தன் கையே தனக்குத் தெரியவில்லை. காத்து அவள் தோளைத் தொட்டு, மேலே போகலாம் என்று கட்டைவிரலை உயர்த்தினான்.

மேலே வரும் வழியில், ஆழத்தில் உடலுக்குள் சேர்ந்த காற்று மெல்ல வெளியேறுவதற்காகக் கயிற்றைப் பிடித்தபடி சற்றுநேரம் நிற்க வேண்டும். எதிரெதிராகத் தொங்கிக்கொண்டு இருவரும் ஒருவர் முகமூடியை ஒருவர் பார்த்தார்கள். அவன் கேமராவைக் காட்டி, இரு கைகளையும் விரித்தான்: உன் இஷ்டம்.

கடைக்குத் திரும்பியபோது தையல்காரி வந்து காத்திருந்தார். சும்மா உட்காரத் தெரியாதவர். ஆணியில் தொங்கிய மிதவைச் சட்டையின் வார் அறுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

“இதை இப்படியா போட்டுக்கிட்டு தண்ணிக்குள்ள போறீங்க? உயிர்மேல ஆசையே இல்லையா?” என்றார். பிறகு, “எடுத்தாச்சா?” என்று கேட்டார்.

“எடுக்கல அக்கா.”

“ஏன், கேமரா மக்கர் பண்ணிடுச்சா?”

“கேமரா நல்லாத்தான் இருக்கு.” மீன்கொத்தி ஈர உடையோடு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். “அந்த மேசை கப்பலோடது. மேல இருக்கறதெல்லாம் நான் அடுக்கினது. தட்டு ஒரு இடத்துலேருந்து, குவளை ஒரு இடத்துலேருந்து. பார்க்க நல்லாருக்கும்னு வெச்சேன்.”

ஊசி துணிக்குள் போனது, மறுபக்கம் வரவில்லை.

“கண்ணாடி?”

“படிக்கட்டு அடியில கிடந்துச்சு.”

“மடிச்சு இருந்துச்சா?”

“இல்ல அக்கா. ஒரு காம்பு விரிஞ்சு இருந்துச்சு. மடிச்சது நான்தான்.”

தையல்காரி தன் மடியிலிருந்த வாரைப் பார்த்தார். நிலைப்படியில் நின்ற காத்து, “கடலுக்குள்ள நீரோட்டம் இருக்கும்மா. எது எங்க வேணாலும்...” என்று தொடங்கினான்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க தம்பி” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். பிறகு மீன்கொத்தியிடம் திரும்பினார். “திருடிட்டுப் போயிருந்தீங்கன்னாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும். கடைத்தெருவுல எங்கயாவது வித்திருப்பாங்கன்னு நினைச்சு மனசை ஆத்திக்குவேன். இது என்ன பொழப்பும்மா? செத்தவன் வீட்டுக்குள்ள பூந்து, அவன் சாப்பிட்ட மாதிரி தட்டு வெச்சு, தூங்கின மாதிரி கண்ணாடியை வெச்சு... பொம்மை வீடா அது? சுவத்துல மட்டும் பெருசா எழுதி வெச்சிருக்கீங்க.”

“தப்புதான்.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே. ராத்திரி நல்லாத் தூங்கினேன் நான்.”

“வாய் வரல.”

“அப்ப பேசாமலாவது இருந்திருக்கலாம். எனக்கென்ன தெரியப்போகுது?”

“இருந்திருப்பேன் அக்கா. உண்மையைச் சொல்றேன், நீங்க அதை வீட்டுல மாட்டி வெச்சுக்கப் போறீங்கன்னா வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனா அதைக் கொண்டுபோய் இன்னொருத்தர் மேல வீசப்போறேன்னீங்க. என் கையால அடுக்கினதை வெச்சு அவரைப் பொய்யர்னு சொல்ல விட முடியல.”

தையல்காரி மூக்கை உறிஞ்சினார். ஊசியை மறுபக்கம் இழுத்தார். நூலை முடிச்சிட்டுப் பல்லால் கடித்தார். கை அதன்பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டது. அதன்பிறகு அதற்குச் செய்ய ஒன்றுமில்லை.

“அதை எடுத்து எங்க இருந்துச்சோ அங்கயே வெச்சிடு” என்றார்.

“அதுக்குத்தான் இன்னிக்கு அவ்வளவு நேரம் தேடினேன். சரியா எந்த இடம்னு ஞாபகம் வரல. படிக்கட்டு அடியிலங்கறது மட்டும் சத்தியம். உங்களுக்கு வேணும்னா மேல கொண்டுவந்து தந்துடறேன்.”

“எனக்கெதுக்கு? மூக்கு இல்லாத கண்ணாடி.” சற்றுப் பொறுத்து, தனக்குத்தானே கணக்குப் போடுபவரைப் போலச் சொன்னார்: “இடமும் போச்சு. இனிமே அங்க இருந்து பாத்தவர் ஒருத்தர்தான் மிச்சம்.”

கைப்பையைத் திறந்து கைப்பேசியை எடுத்தார். அந்த எண்ணுக்கு அவர் பெயர் எதுவும் வைத்திருக்கவில்லை. ஆனால் விரல் தேடாமலே அதைக் கண்டுபிடித்தது. மீன்கொத்தி எழுந்து உள்ளே போக முனைந்தாள். “நீ எங்க போற? உட்காரு” என்றார். எதிர்முனையில் மணி அடிப்பது அறை முழுவதும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டுப் பெஞ்சின்மேல் வைத்தார்.

“அலோ” என்றது ஒரு முதிய குரல்.

“நான் சமையல்காரரோட தங்கச்சி பேசறேன்.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் ஓசை கேட்டது. “சொல்லும்மா” என்றார் எண்ணெய்க்காரர். “நீங்களா கூப்பிட்டிருக்கீங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்களா?”

“இருக்கோம். திட்டறதுக்குக் கூப்பிடல. அன்னிக்கு எங்கப்பா உங்களைப் பாதியிலயே நிறுத்திட்டாரு. நீங்க படிக்கட்டு வரைக்கும்தான் சொன்னீங்க. மிச்சத்தைக் கேக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். அவன் அப்ப கண்ணாடி போட்டிருந்தானா?”

காத்து நிலைப்படியிலிருந்து ஓரடி உள்ளே வந்தான்.

“போட்டிருந்தாரும்மா. படியில என்னைத் தோளால முட்டுக்குடுத்து ஏத்திவிட்டாரு. தண்ணி வந்துட்டே இருக்கு. நான் பயத்துல உதைச்சேன். என் கால் பட்டுக் கண்ணாடி கீழ விழுந்துடுச்சு. குனிஞ்சு தண்ணிக்குள்ள கைய விட்டுத் துழாவினாரு. கிடைக்கல. ‘நீ போ, அவன் சத்தம் கேக்குது’ன்னாரு. அப்படியே சுவத்தைத் தடவிக்கிட்டே உள்ள போனாரு. கண்ணாடி விழுந்ததை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. யாரும் கேக்கவும் இல்ல.”

தையல்காரி கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை ஆண்டுகளாகத் தம்மை விட்டுவிட்டுப் போயிருப்பானோ என்று அவர் உள்ளுக்குள் குமைந்துவந்த அண்ணன், இப்போது எதிரில் நிற்பவரின் முகம்கூடத் தெரியாமல், ஒரு குரலை மட்டும் பற்றிக்கொண்டு, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போனான். அவன் போனது அவருக்குச் சம்மதமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அவன் எப்படிப் போனான் என்பது மட்டும் தெரிந்தது.

“அம்மா? லைன்ல இருக்கீங்களா?” என்றார் எண்ணெய்க்காரர்.

“இருக்கேன்” என்றார் தையல்காரி. தரையில் நனைந்து உட்கார்ந்திருந்த மீன்கொத்தியைப் பார்த்து, பெஞ்சில் சற்று நகர்ந்து இடம்விட்டார். “உள்ள இருந்தவன் யாரு? அவனுக்கு வீட்டுல யாரு இருந்தாங்க? ஒண்ணும் அவசரமில்ல. முதல்லேருந்து சொல்லுங்க.”